அந்த ரெட் காயை அவன் ஏன் விட்டான்?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம். எனக்கு 67 வயது. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. மகன் பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறான். நான் பெரம்பூரில் தனியாக இருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருப் பையன் ஒருவன் கிரிக்கெட் பந்தை எடுக்க என் வீட்டுக்கு வந்தான். வராண்டாவில் இருந்த கேரம் போர்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அப்போது அவனுக்கு 11 வயது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வருவான். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஆரம்பத்தில் பையன் சோர்ந்துபோகக் கூடாது என்று பல ஆட்டம் நானே விட்டுக்கொடுத்தேன். அவன் எனக்கு ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தான். என்னிடம் இருக்கும் பழைய வெர்னியரால் (நுணுக்கமாக அளக்கும் கருவி) ஸ்ட்ரைக்கரை அளந்து பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்தபோது வகுப்பிலேயே அவன்தான் முதலில் சொன்னானாம்.

இப்போது ஒன்பதாவது படிக்கிறான். ஆறு மாதமாக ஒரு கிளப்பில் கோச்சிங் போகிறான். என்னிடம் வருவது வாரத்துக்கு ஒரு நாள் என்றாகிவிட்டது. நான் சொல்லிக்கொடுத்த பிடி தப்பு என்று கோச் சொன்னாராம். அவன் பிறந்தநாளுக்கு நல்ல ஸ்ட்ரைக்கர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். விலை அதிகம் என்பதால் வீட்டில் சொல்லாதே என்றேன். எப்படியோ தெரிந்துவிட்டது. அவன் அப்பா வந்து, "எங்க பையன் மேல உங்களுக்கு ஏன் சார் இவ்வளவு அக்கறை?" என்று கேட்டார். கூசிப்போய்விட்டேன்.

போன மாதம் கடைசியாக ஆடினோம். பாயிண்ட் 20–20. அவனுக்கு இரண்டு காய் பாக்கி. எனக்கும் இரண்டுதான் இருந்தது, ஆனால் என் ஸ்ட்ரைக்கர் வழுக்கிக் குழிக்குள் விழுந்து மைனஸ் ஆகி, போட்ட காய் ஒன்றைத் திரும்ப வைத்ததில் மூன்றானது. (இரண்டு மாதமாகக் கை லேசாக நடுங்குகிறது. வயசுதான்.) அடுத்து அவன் ஆட்டம். ரெட் காய் குழியின் வாயிலேயே நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அவன் பக்கத்தில் அடித்தான். நான் ரெட்டும், அதன் பின்னாலேயே போட வேண்டிய ஃபாலோ காயும் போட்டு, மிச்சத்தையும் முடித்து ஜெயித்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "என்னடா, எனக்குப் பிச்சை போடுறியா?" என்று கேட்டு போர்டைத் தள்ளிவிட்டேன். காய் எல்லாம் தரையில் சிதறியது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்துவிட்டுப் போனான். அதோடு வரவில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் வேறு சந்துக்குள் திரும்பிவிடுகிறான்.

"ஊரான் வீட்டுப் பிள்ளை மேல எதுக்குப்பா இவ்வளவு?" என்கிறான் மகன். நான் ஒதுங்கிவிடுவதுதான் மரியாதையா?

— பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் நடுவில் இருந்த ஒரு வரிக்குத்தான் திரும்பிப் போனேன். "ஆரம்பத்தில் பையன் சோர்ந்துபோகக் கூடாது என்று பல ஆட்டம் நானே விட்டுக்கொடுத்தேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா?

பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்த கை உங்களுடையது. அந்தக் கை குழி வாயில் நின்ற காயைத் தவறவிட்டால், முதல் இரண்டு வாரம் வேண்டுமானால் குழந்தை ஏமாறலாம். மூன்று வருடம் எதிரே உட்கார்ந்து உங்கள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவன் ஏமாற மாட்டான். எந்த அடி தவறி விழுந்தது, எந்த அடியைத் தாத்தா வேண்டுமென்றே விட்டார் என்று அவன் எப்போதோ கண்டுபிடித்திருப்பான். கண்டுபிடித்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளும் வந்தான். அதைத் தன் மேல் உங்களுக்கு இருந்த பிரியமாக எடுத்துக்கொண்டான்.

போன மாதம் அவன் முறை வந்தது. நீங்கள் செய்ததையே செய்தான். தனக்குப் பிடித்தவர் சோர்ந்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு காயை விட்டுக்கொடுக்கலாம் என்று கிளப்பில் எந்தக் கோச்சும் சொல்லித் தர மாட்டார். அவன் அதைக் கற்ற இடம் உங்கள் வராண்டா.

பிறகு ஏன் உங்களுக்கு அவ்வளவு வலித்தது? நம் வீடுகளில் விட்டுக்கொடுப்பது எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும். அம்மா தன் தட்டு மீனைப் பிள்ளைக்கு வைப்பாள், அண்ணன் தன் சைக்கிளைத் தம்பிக்குத் தருவான், தாத்தா பேரனிடம் தோற்பார். அதே காரியத்தைச் சின்னவன் பெரியவருக்குச் செய்தால் நமக்கு வாங்கத் தெரிவதில்லை. கை நீட்டியதாகத் தோன்றிவிடுகிறது. பிச்சை என்ற வார்த்தை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. எத்தனையோ வருடம் சம்பாதித்துக் கொடுத்தே பழகியவருக்கு, அதுவும் மனைவி போன பிறகு தன் காபியைத் தானே போட்டுக் குடிப்பவருக்கு, அந்த வார்த்தை நாக்கிலேயே இருந்திருக்கும். உங்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்த வார்த்தை விழுந்தது 14 வயதுப் பையன் மேல்.

இப்போது அந்த அடியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கேரம் பலகையின் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர். எதிராளியின் கை அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. உங்கள் மகன் பெங்களூரிலிருந்து போனில் பேசுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று பேசுவார். உங்கள் கையை வெளிச்சத்துக்குக் கீழே அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம் பார்க்கிற ஒரே மனிதன் இந்தப் பையன். இரண்டு மாதமாகக் கை நடுங்குகிறது என்று அடைப்புக்குறிக்குள் போட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவனிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அவன் பார்த்திருப்பான். 20–20 இருக்கும்போது உங்கள் ஸ்ட்ரைக்கர் வழுக்கிக் குழிக்குள் போனதையும், நீங்கள் ஒரு காயை எடுத்து நடுவில் வைத்ததையும் பார்த்தான். அடுத்த அடியில்தான் ரெட்டை விட்டான்.

"தாத்தா, உங்க கை ஏன் நடுங்குது?" என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. பதினான்கு வயது அப்படிப்பட்ட வயது. அடுத்தவர் வலி தெரிய ஆரம்பித்துவிடும், அதைப் பேசுகிற வார்த்தை இன்னும் வந்திருக்காது. பயந்திருப்பான். பயத்தைச் சொல்லத் தெரியாமல் ரெட்டைப் பக்கத்தில் அடித்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கையை மருத்துவரிடம் காட்டுங்கள். வயசுதான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். கை நடுக்கத்துக்குப் பல காரணம் உண்டு. எதையாவது பிடிக்கும்போது, குறி வைக்கும்போது, டம்ளரைத் தூக்கும்போது வருகிற நடுக்கம் ஒரு வகை. அது பலருக்குக் குடும்பத்திலேயே இருக்கும், மருந்தால் குறைக்கலாம். கையைச் சும்மா மடியில் வைத்திருக்கும்போது, பெரும்பாலும் ஒரு பக்கமாக ஆரம்பிக்கிற நடுக்கம் வேறு வகை. பார்க்கின்சன் நோயில் வருவது அப்படி. தைராய்டு அதிகமானாலும் கை நடுங்கும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சில மருந்துகளாலும் நடுங்கும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும்போதும் நடுங்கும். இதில் எது என்று நான் கடிதத்தை வைத்துச் சொல்லக் கூடாது. நரம்பியல் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். நடுக்கம் எப்போது வருகிறது, எந்தக் கையில், காபிக்கு முன்னாலா பின்னாலா என்று ஒரு வாரம் தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பெரம்பூரிலேயே ரயில்வே மருத்துவமனை இருக்கிறது. ஓய்வு பெற்ற ஊழியருக்கான மருத்துவ அட்டை உங்களிடம் இருந்தால் அங்கேயே ஆரம்பிக்கலாம். மகனிடமும் சொல்லுங்கள். அவர் கேட்கிற கேள்வியில் கொஞ்சம் தள்ளியிருப்பவரின் குற்ற உணர்வும் இருக்கலாம்.

அடுத்தது பையனின் அப்பா. அவர் கேட்டதில் நீங்கள் கூசிப்போனது எனக்குப் புரிகிறது. ஆனால் ஐயா, அவர் கேட்டது சரியான கேள்வி. நானும் ஒரு தாயாக இருந்து, என் பிள்ளை கையில் விலை உயர்ந்த ஒரு பொருளைப் பார்த்து, அதை வீட்டில் சொல்லக் கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னார் என்று தெரிந்தால், அன்று ராத்திரி தூங்க மாட்டேன். உங்கள் மனதில் இருந்தது வேறு. விலையைக் கேட்டு அவர்கள் சங்கடப்படுவார்கள் என்று நினைத்தீர்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிறவர்களும் பரிசிலும், 'வீட்டில் சொல்லாதே' என்ற வார்த்தையிலும்தான் ஆரம்பிக்கிறார்கள். நல்லவர் சொன்னாலும் கெட்டவர் சொன்னாலும் குழந்தையின் காதில் அந்த வார்த்தை ஒன்றுபோலத்தான் விழும். பெரியவர் ஒருவர் ரகசியம் காக்கச் சொன்னால் காக்க வேண்டும் என்று உங்களிடம் அவன் பழகினால், நாளை வேறொருவர் சொல்லும்போதும் காப்பான். ஸ்ட்ரைக்கர் கொடுத்ததில் தப்பில்லை. அந்த ஒரு வாக்கியம் தப்பு. அதை அவன் அப்பாவிடம் நீங்களே போய், "நான் அப்படிச் சொன்னது தப்பு" என்று சொல்ல வேண்டும்.

இனி எது கொடுப்பதானாலும் பெற்றோர் கையில் கொடுங்கள். போர்டு வராண்டாவிலேயே இருக்கட்டும், தெருவில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி. எத்தனை மணிக்கு வருவான், எத்தனை மணிக்குப் போவான் என்பது அவன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கட்டும். பரீட்சை நேரத்தில் அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். முடிந்தால் அவன் அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடக் கூப்பிடுங்கள். கேரம் இரண்டு பேர் ஆட்டம் மட்டும் இல்லையே, நாலு பேர் உட்காரலாம். இதெல்லாம் உங்கள் மேல் சந்தேகப்பட்டுச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வயது வித்தியாசம் உள்ள நட்பு நீடிக்க வேண்டுமானால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் நடக்க வேண்டும். என்னிடம் வரும் குடும்பங்களுக்கும் இதையே சொல்கிறேன். (இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒன்று: குழந்தை விஷயத்தில் எதுவும் உறுத்தினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். சந்தேகம் வந்ததும் அக்கம்பக்கத்து மனிதர்களை எல்லாம் குழந்தையிடமிருந்து வெட்டிவிடுவது தீர்வு இல்லை. போய்ப் பார்ப்பது, கூட உட்காருவது, கேட்பது. இந்த அப்பா நேரில் வந்து கேட்டாரே, அதுபோல.)

இப்போது உங்களை உண்மையில் அரித்துக்கொண்டிருப்பது என்று நான் நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த பிடி தப்பு என்று கோச் சொன்னார்.

நீங்கள் எந்தப் பிடி சொல்லிக்கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. நம் தெருக்களில் பெரும்பாலோர் ஆடுவதுபோல, கட்டைவிரலில் ஆள்காட்டி விரலை மடக்கிச் சுண்டுவதாக இருக்கலாம். போட்டிக்கு ஆடுகிற பிள்ளைகளில் பலர் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கத்தரி மாதிரி வைத்து அடிக்கிறார்கள். ஒரு வராண்டாவில் ஒரு பையனை விளையாட்டின் மேல் ஆசைப்பட வைக்க முதல் பிடி போதும், நாற்காலியை நகர்த்தக் கூடாத போட்டியில் எட்டு போர்டு (எட்டுச் சுற்று) ஆடும்போது அவனுக்கு இன்னொன்று தேவைப்படலாம். கோச் தன் வேலையைச் செய்கிறார். கோச் பிடியை மாற்றுகிறார் என்றால், மாற்றுவதற்கு ஏற்கெனவே ஒரு கை தயாராக இருந்தது என்று அர்த்தம். அந்தக் கையைத் தயார் செய்தது யார்?

சென்னையிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது, கேரத்தில் இல்லை, சதுரங்கத்தில். மானுவல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். ஒன்பது முறை தேசியச் சாம்பியன். அவர் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் நடத்திய டால் செஸ் கிளப்புக்கு ஒரு சின்னப் பையன் வந்து ஆடிக்கொண்டிருந்தான். விஸ்வநாதன் ஆனந்த். 16 வயதில் தேசியச் சாம்பியன், 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர். ஆரோன் எட்டாத உயரத்துக்கு ஆனந்த் போனார். பிறகு அதே ஆனந்த் 2020-இல் இளம் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சி அமைப்பைத் தொடங்கினார். அதில் வளர்ந்த குகேஷ் 2023 செப்டம்பர் தரவரிசையில் ஆனந்தைத் தாண்டினார். 37 வருடமாக ஆனந்த் இருந்த இந்திய முதலிடம் அது. அடுத்த வருடம் டிசம்பரில், சிங்கப்பூரில், 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். ஆனந்தைத் தாண்டியவர் ஆனந்த் பக்கத்தில் நின்று வளர்த்தவர். ஆனந்துக்கு மனதில் என்ன ஓடியது என்று நமக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து அவர் விலகிவிடவில்லை. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நீங்கள் இருக்கிற பக்கம் கேரத்துக்கே பெயர் போனது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் இந்த நகரத்துக்காரர். வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலகச் சாம்பியன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். அப்பாதான் அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். இந்த ஊரில் கேரம் வளர்ந்தது தெருவோரக் கிளப்பிலும், தொங்குகிற ஒற்றை பல்புக்குக் கீழேயும், உங்களைப் போன்றவர்கள் போர்டில் பவுடரைத் தட்டிவிட்டு, "வா, உட்காரு" என்று கூப்பிட்டதாலும்தான். காலில் வலு தேவையில்லாத, முழங்கால் வலியோடு 67 வயதிலும் 11 வயதோடு சமமாக உட்கார்ந்து ஆடக்கூடிய விளையாட்டு வேறு எத்தனை இருக்கிறது?

சமமாக என்று எழுதும்போது உங்கள் வெர்னியர் ஞாபகத்துக்கு வருகிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 சென்டிமீட்டரையும், எடை 15 கிராமையும் தாண்டக் கூடாது என்பது விதி. அதை நீங்கள் இரண்டு பேரும் வராண்டாவில் உட்கார்ந்து அளந்து பார்த்திருக்கிறீர்கள். அங்கே யார் வாத்தியார், யார் மாணவன்? வெர்னியர் பிடிக்க உங்களுக்குத் தெரியும். பேப்பரில் வந்த ஆங்கிலத்தைப் படிக்க அவனுக்குத் தெரியும். உங்கள் நட்பு கட்டப்பட்டது இதில்தான் என்று நினைக்கிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் ஒரு பொருள் இருந்தது. பலகை, பேப்பர், வெர்னியர். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிக்கல் எப்போது ஆரம்பித்தது? அந்தப் பொருளை விட்டுவிட்டு அவனையே பார்க்க ஆரம்பித்தபோது. இன்று வருவானா, ஏன் வரவில்லை, கோச் என்ன சொன்னார், என்னை மறந்துவிட்டானா என்று.

இதில் மனைவி இல்லாத வீட்டின் சாயங்காலமும் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் போனார், ஒரு வருடம் கழித்து இந்தப் பையன் வந்தான். அந்த வெறுமையை அவன் நிரப்பினான் என்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு 14 வயதுப் பிள்ளையால் ஒரு பெரியவரின் எல்லாச் சாயங்காலத்தையும் சுமக்க முடியாது. அவனுக்குக் கிளப் இருக்கிறது, அடுத்த வருடம் பத்தாவது இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள். அவன் வாரத்தில் ஒரு நாள் வந்தால் மற்ற ஆறு நாளுக்கும் நீங்கள் வேறு மனிதர்களைத் தேடிக்கொள்ள வேண்டும். இதை உங்கள் நல்லதுக்காகவும் அவன் நல்லதுக்காகவும் சொல்கிறேன்.

வேறு சந்துக்குள் திரும்பிவிடுகிறான் என்று எழுதினீர்கள். அதைப் பற்றி என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வளர்ந்தது திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில். எனக்குப் பத்து வயது இருக்கும்போது பக்கத்து லைனில் இருந்த ஓய்வு பெற்ற ரயில் கார்டு ஒருவர் எனக்குப் பால் பேட்மிண்டன் சொல்லிக்கொடுத்தார். மஞ்சள் கம்பளிப் பந்து, அவருடைய பழைய பேட். மாமா என்று கூப்பிடுவேன். இரண்டு வருடம் கழித்துப் பள்ளி அணியில் எடுத்தார்கள். மாலை நேரம் அங்கே போய்விட்டது. மாமா கொஞ்ச நாள் கோர்ட் ஓரத்தில் இரண்டு பேட்டோடு நின்றிருப்பார். நான் அந்த வழியாகப் போவதை நிறுத்திவிட்டேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அவரைப் பிடிக்காமல் போனதாலா? இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வெட்கம். ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட, அந்த வெட்கம் இன்னும் பெரிதானது. பிறகு அவர் மகன் வீட்டுக்குப் போய்விட்டார், நான் அவரிடம் சொல்லவே இல்லை. இன்றும் மஞ்சள் கம்பளிப் பந்தைப் பார்த்தால் அந்தத் தண்ணீர்த் தொட்டிதான் கண் முன்னால் வரும்.

உங்கள் பையன் சந்தில் திரும்புவதும் அப்படித்தான் இருக்க வேண்டும். தான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டதாக நினைக்கிறான். சிதறிய காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்துவிட்டுப் போனான் என்றீர்களே, கோபத்தில் போகிறவன் அதைச் செய்ய மாட்டான். பத்தொன்பது காய். அத்தனையையும் எடுத்து முடிக்கும் வரை நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று காத்திருந்திருப்பான்.

அதனால், ஒதுங்கிவிடுவது மரியாதையா என்று கேட்டதற்கு என் பதில்: இல்லை. இப்போது ஒதுங்கினால், தான் செய்த ஒரு நல்ல காரியத்தால் தாத்தா தன்னை வெறுத்துவிட்டார் என்று அவன் மனதில் நின்றுவிடும். முதல் அடி நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். பெரியவர் சின்னவனிடம் மன்னிப்பு கேட்பதா என்று தயங்காதீர்கள். அவன் வீட்டுக்குப் போங்கள், அப்பா அம்மா இருக்கும் நேரமாகப் பார்த்து. தெருவில் மறித்துப் பேசாதீர்கள், இன்னொரு பையனிடம் சொல்லி அனுப்பாதீர்கள். கையில் பரிசு எதுவும் வேண்டாம். முதலில் அப்பாவிடம் ஸ்ட்ரைக்கர் விஷயம். அப்புறம் அவனிடம், "அன்னைக்கு நான் அப்படிக் கத்தினது தப்புடா. நீ என்ன செஞ்சேன்னு எனக்குப் புரிஞ்சுது. கை நடுங்குறது எனக்கே பயமா இருந்துச்சு, அந்தக் கோபத்தை உன் மேல காட்டிட்டேன். டாக்டர்கிட்ட போறேன்." இவ்வளவு போதும். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் பேசாமல் நிற்கலாம். உள்ளே ஓடிவிடலாம். அன்றே எதுவும் நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், எப்போது வருவாய் என்றும் கேட்காதீர்கள்.

பிறகு அவன் வந்தால், வருவான் என்றுதான் நினைக்கிறேன், இரண்டு விஷயம் செய்யுங்கள். இனி யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்து ஆடுவதில்லை என்று பேசிவையுங்கள். அவன் 25–3 என்று ஜெயித்தால் ஜெயிக்கட்டும். இரண்டாவது, கோச் சொல்லிக்கொடுத்த பிடியை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாகவே கற்றுக்கொள்ளுங்கள், பேருக்கு இல்லை. உங்கள் நடுக்கத்துக்கு அது ஒத்துவரலாம், வராமலும் போகலாம். ஆனால் விரலை எங்கே வைப்பது என்று அவன் உங்கள் விரலைப் பிடித்துக் காட்டுவான் இல்லையா, அந்த நேரத்தில் மூன்று வருடத்துக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்த இடத்தில் அவன் உட்கார்ந்திருப்பான்.

மற்ற ஆறு நாளுக்கும் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். கேரம் போட்டிகளுக்கு ஸ்கோர் எழுதவும் நடுவராக இருக்கவும் ஆட்கள் வேண்டும். நடுவராவதற்குத் தேர்வும் நடத்துகிறார்கள். கை நடுங்கினாலும் கண்ணும் நிதானமும் இருந்தால் போதும், ஃபிட்டருக்கு அது இரண்டும் உண்டு. அவன் போகிற கிளப்புக்கு நேராகப் போக வேண்டாம், அது அவனுடைய இடம். பக்கத்தில் வேறு கிளப் இருக்கும், போய்க் கேளுங்கள். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் இந்தச் சென்னையில்தான் ஆரம்பிக்கப்பட்டது, அதன் விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. விளையாட்டுப் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்த உங்களுக்கு அது கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும். தெரியாத வார்த்தைகளைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். அவன் வருகிற நாளில் கேட்கலாம்.

ரயில்வே மருத்துவமனைக்கு இந்த வாரமே போங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.